சியாட்டில் மழையும் எங்கள் கிணற்றுத் தண்ணீரும்

கச்சான் காற்று வீசும் மாதங்களில் திருகோணமலைப் பக்கத்து இறக்கக்கண்டியில் யாரும் விதை போடமாட்டார்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் களப்பு, இடையில் கால் புதையும் மணல். வைகாசிக்குப் பிறகு ஐப்பசி வரைக்கும் மழையை நம்பி எதையும் செய்ய முடியாது. அப்படிப்பட்ட ஊருக்கு 2022 ஜூனில் ஓர் அறிவித்தல் வந்தது: அரச ஊழியர்கள் மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமைகளில் வீட்டில் நின்று தோட்டம் செய்யலாம். கொழும்பில் மழை பெய்கிற காலத்தைப் பார்த்து நாடு முழுவதற்கும் நாற்று நடச் சொன்னார்கள். ஜும்ஆவுக்கு நேரத்தோடு போகலாம் என்பதைத் தவிர அந்த லீவால் எங்கள் பக்கத்தில் முளைத்தது அதிகமில்லை.

ஆனாலும் தேவை பொய்யில்லை. அந்த செப்டெம்பரில் உணவுப் பணவீக்கம் 94.9 வீதம். அதற்கு முந்திய ஆண்டு மே மாதம் இரசாயன உரத்தைத் தடுத்து, நவம்பரில் தடையை எடுத்திருந்தார்கள். அதற்குள் விளைச்சல் விழுந்துவிட்டது. சின்ன வெங்காயம் செய்கிறவர்கள்கூட வெங்காயத்தை எண்ணி எண்ணி வாங்கிய காலம் அது. கட்டாரில் இருக்கும் தம்பி தன் கணக்கில் ஓர் இணையவழித் தோட்டக்கலைப் பாடநெறியைத் திறந்து தந்தான். கரண்ட் இருக்கும்போது போனில் இறக்கி வைத்துக்கொண்டு, இல்லாத நேரத்தில் பார்த்தேன்.

பாடம் நடத்துகிறவர் லிண்டா சாக்கர் ஸ்கொட், அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்துத் தோட்டக்கலை அறிஞர். தோட்டக்காரர்கள் வழிவழியாக நம்பிவருபவற்றை எடுத்து, ஆய்வில் அவை நிற்கின்றனவா என்று பார்ப்பதே அவருக்கு வேலை. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு இதில் ஒரு பழைய தொடர்பும் உண்டு. வீட்டுத்தோட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லி முடியாமல், ஊர்மக்களிலேயே ஆர்வமுள்ளவர்களுக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே பதில் சொல்லவைக்கும் திட்டம் 1970களின் தொடக்கத்தில் சியாட்டில் பக்கத்தில்தான் பிறந்தது. நமக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற தொலைபேசி இலக்கம் இருக்கிறது. அதற்குப் பதில் சொல்ல ஊருக்கு ஊர் ஆளில்லை.

பனி விழும் தேசத்துப் பாடம் நமக்கு எதற்கு என்றுதான் முதலில் தோன்றியது. பிறகு இரண்டு ஊர்களின் மழைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். சியாட்டிலிலும் ஆண்டின் நடுப்பகுதி வறட்சி, கடைசி மாதங்களில் மழை. திருகோணமலையிலும் அப்படித்தான். கொழும்பின் நாட்காட்டியைவிட அவர்களுடைய நாட்காட்டி நமக்கு ஒத்துப்போகிறது! ஒத்துப்போகாதது வெயில். அங்கே வருடத்துக்கு ஒருமுறை போடும் இலைமக்கு அந்தக் குளிரில் மெதுவாக உக்கும். இங்கே சூட்டில் நுண்ணுயிர்கள் விறுவிறுவென்று வேலை செய்வதால் மாரிக்குப் போட்டது கோடைக்கு மிஞ்சாது. மணலுக்கோ தானாகச் சத்தைப் பிடித்துவைக்கும் சக்தி கிடையாது. களிமண் துணிக்கைகளின் மேற்பரப்பில் மின்னேற்றம் உண்டு. பொட்டாசியம், கல்சியம் போன்றவை அதில் ஒட்டிக்கொள்ளும். மணலில் ஒட்ட இடமில்லாததால் ஊற்றிய உரம் தண்ணீரோடு கீழே போய்விடும். கற்பிட்டி மணலில் மரக்கறி செய்தவர்களின் கிணறுகளில் நைத்திரேற்று ஏறியதும் உரம் மணலினூடாகக் கீழே போனதால்தான். ஆகவே ஒரேயடியாகக் கொட்டாமல், பூவரசஞ்சருகும் ஆட்டெருவும் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி. இதைச் சாக்கர் ஸ்கொட் சொல்லவில்லை. அவர் சொன்ன காரணத்தை இங்கத்தைய மணலுக்குக் கொண்டுவந்தபோது கிடைத்த முடிவு இது.

உம்மா பூச்சட்டியின் அடியில் ஓட்டுத்துண்டும் முருகைக்கல்லும் போட்டுத்தான் மண் நிரப்புவார், தண்ணீர் வடியட்டும் என்று. உலகம் முழுக்க இந்தப் பழக்கம் இருக்கிறதாம், உலகம் முழுக்கப் பிழையாம். நுண்ணிய மண்ணிலிருந்து பருக்கைக் கல்லுக்குள் தண்ணீர் எளிதில் இறங்காது. மேலே உள்ள மண் முழுதாக ஊறி நிரம்பிய பின்தான் இறங்கத் தொடங்கும். கல் போட்டால் வேருக்குக் கிடைக்கும் ஆழம் குறைந்து, ஈரம் வேருக்கு இன்னும் கிட்ட வந்து நிற்கும். முருகைக்கல்லில் இன்னொரு வில்லங்கமும் உண்டு. அது சுண்ணாம்பு. மண்ணின் காரத்தன்மையைக் கூட்டிவிடும். மண்ணில் இரும்பு இருந்தாலும் செடியால் எடுக்க முடியாது. அப்படி இரும்பு கிடைக்காமல் கறிவேப்பிலைக் கன்றின் கொழுந்து மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நிற்பதற்கு நாங்கள் கண்ணூறு முதற்கொண்டு பல காரணம் சொல்லியிருக்கிறோம்.

உம்மாவுக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்லவேண்டும். "நடுப்பகல்ல தண்ணி ஊத்தாத மகள், இல அவிஞ்சி போகும்" என்பார். இலையில் நிற்கும் துளி வில்லைக்கண்ணாடியாகி இலையைச் சுடும் என்பது பொது நம்பிக்கை. 2010இல் ஹங்கேரி நாட்டு ஆய்வாளர்கள் இதைச் சோதித்தார்கள். வழுவழுப்பான இலையை வெறும் நீர்த்துளி சுடுவதில்லை என்று கண்டார்கள். மயிருள்ள இலைகளில் மட்டும் அதற்கு இடமிருக்கிறது. பாடநெறியும் இதை மூடநம்பிக்கைப் பட்டியலில் சேர்த்துவிட்டு நகர்கிறது. அவர்கள் ஊற்றுவது நல்ல தண்ணீர். ஆவணியில் எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கத்தரி இலையில் ஊற்றி உச்சி வெயிலில் காயவிட்டால், தண்ணீர் போய் உப்பு தங்கும். இலையின் ஓரம் கருகும். உம்மா சொன்ன காரணம் வேறாக இருக்கலாம்; இந்த ஊருக்கு அவருடைய விதிதான் சரி.

அந்த உப்பு எங்கிருந்து வருகிறது என்று தேடப்போய்த்தான் பாடநெறியை விட்டு வெளியே வந்தேன். கடலோர மணலில் மழைநீர் உவர்நீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது. ஒல்லாந்துப் பொறியியலாளர் பாடன் கைபனும், பின்னர் 1901இல் ஜேர்மானியரான ஹெர்ஸ்பர்க்கும் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார்கள்: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 மீற்றர் நன்னீர் இருக்கும். கேட்க நன்றாயிருக்கிறது. ஆனால் மேலே ஒரு சாண் குறைந்தால் கீழேயிருந்து உப்பு அதைப்போல் 40 மடங்கு மேலேறி வரும் என்பதும் அதே கணக்குத்தான். 2004 சுனாமிக்குப் பிறகு கடல் புகுந்த கிணறுகளை எல்லோரும் மோட்டார் வைத்து இறைத்தார்கள். மட்டக்களப்புப் பக்கத்தில் ஆராய்ந்த சர்வதேச நீர் முகாமைத்துவ நிறுவனத்தார், அளவுக்கு மிஞ்சி இறைப்பது கீழுள்ள உப்பை மேலே இழுத்துவிடும் என்று எச்சரித்தார்கள். கிணற்றைக் கழுவியது பெரும்பாலும் அடுத்தடுத்து வந்த மாரிதான்.

வாளியால் அள்ளினால் மட்டம் மெல்லத் தாழ்ந்து மெல்ல ஊறும். மோட்டார் ஒரே மூச்சில் தாழ்த்திவிடும். அதனால் செடிகளைச் சுற்றிப் பொச்சும் காய்ந்த ஓலையும் பரப்பி ஆவியாதலைக் குறைத்து, காலையில் மட்டும் வாளியால் அடியில் ஊற்றுகிறேன். வெண்டியும் பயிற்றையும் முருங்கையும் இதற்குச் சம்மதிக்கின்றன. தக்காளி சம்மதிப்பதில்லை. இரவிலும் சூடு தணியாத மாதங்களில் அது பூத்துக் கொட்டும். அதை மாரிக்கு ஒதுக்கிவிட்டேன்.

வீட்டுத்தோட்டப் பாடம் வேலியோடு முடிந்துவிடுகிறது. அமெரிக்க வீடொன்றுக்கு அது போதும். குழாயில் தண்ணீர் வரும். எங்களுக்கு வேலிக்குக் கீழே ஒரே தண்ணீர். நான் வாளியில் மிச்சம் பிடிப்பதை அடுத்த வளவின் மோட்டார் ஒரு மணித்தியாலத்தில் இறைத்துவிடும். அந்த வளவுக்காரர் வெங்காயம் செய்கிறவர், மரியாதையான மனிதர். மணலில் கோடு கீறி, மிதக்கும் தண்ணீரை அவருக்கு விளக்கினேன். கீழேயிருந்து உப்பு வருவது தனக்கும் தெரியும், வாயில் வைத்தாலே தெரியும் என்றார். மோட்டாரை விட்டுவிட்டுப் போடலாமே, நடுவில் கிணறு ஊற நேரம் கொடுக்கலாமே என்று கேட்டேன்.

"போடலாம் தங்கச்சி. டீசல் விக்கிற விலைக்கு நாலு தரம் வந்து ஸ்டார்ட் பண்ண ஆள் நீங்க தருவீங்களா?" என்றார்.