மணியோசை எழுப்பும் கரி

கரி என்றதும் நம்மவர் மனத்தில் தோன்றுவன கறுப்பு நிறமும் கையில் ஒட்டும் தூளுமே. மின்னழுத்தி வருவதற்கு முன் சலவைப் பெட்டிக்குள் கனன்றது சிரட்டைக்கரி. மழைக் குளிரில் தணற்சட்டியில் கிடந்ததும் அதுவே. மின்சாரமும் வாயு அடுப்பும் வந்தபின் கரி வீட்டை விட்டு விலகிற்று. ஆயினும் அண்மைக் காலத்தில் அது மீண்டும் வந்திருக்கிறது. விடுமுறை நாளில் பின்வளவிலே கம்பித் தட்டு ஒன்றை வைத்து, மீனையும் கோழியையும் சோளப் பொத்தியையும் தணலில் வாட்டி, உற்றாரோடு கூடி உண்ணும் வழக்கம் பல குடும்பங்களில் பரவியுள்ளது.

கரிப் பை வாங்கச் செல்வோர் பெரும்பாலும் விலையை மட்டுமே கேட்கின்றனர். அக்கரி எம்மரத்தினது, எவ்வாறு சுடப்பட்டது, வெட்டிய மரம் மீண்டும் தளிர்த்ததா என்று கேட்போர் அரியர். இம்மூன்று கேள்விகளுக்கும் பல தலைமுறைகளாக விடை கூறிவரும் நாட்டுப்புறம் ஒன்று யப்பானில் உண்டு. கிஷூ என்பது அதன் பெயர். நல்ல கரி எது என்பதை அறியும் விருப்பமே நம்மை அங்கு அழைத்துச் சென்றது.

கடலும் மலையும்

கிஷூ என்பது இன்றைய வக்கயாமா மாகாணத்தையும் அதனை அடுத்த சில பகுதிகளையும் குறிக்கும் பழம்பெயர். ஒசாக்கா மாநகரிலிருந்து ‘குரோஷியோ’ என்னும் கடுகதிப் புகையிரதம் தெற்கு நோக்கிச் செல்கிறது. கரையை அடுத்து ஓடும் வெந்நீரோட்டம் ஒன்றின் பெயரையே புகையிரதத்துக்கும் இட்டிருக்கின்றனர். பயணம் ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம். ஒருபுறம் நீலக் கடல். மறுபுறம் கடலை நோக்கிச் சரிந்து இறங்கும் மலைகள். சமநிலம் மிகக் குறைவு. இத்தகைய இடத்தில் மக்கள் எதை உண்டு, எதை விற்று வாழ்ந்தனர் என்ற எண்ணம் காண்போர் மனத்தில் எழாதிராது.

அதற்குரிய விடை மினாபே என்னும் ஊரிலும் அயலூரான தானாபேயிலும் கிடைக்கிறது. மலையின் கீழ்ச்சரிவுகளில் உமே மரத் தோட்டங்கள் அடுக்கடுக்காக நிற்கின்றன. உமே நமது மாவடு போல ஊறுகாய்க்கு உகந்த புளிப்புக் கனி. யப்பான் நாட்டு உமேயில் பாதிக்கு மேல் வக்கயாமாவிலேயே விளைகிறது. தோட்டங்களுக்கு மேலே, மலைமுடியைச் சுற்றிலும் கரும்பச்சைக் காடு. அக்காடே கரிக்காடு. அது மழைநீரைத் தேக்கிக் கீழே அனுப்புகிறது; சரிவான மண்ணைப் பிடித்து வைக்கிறது; காட்டில் வாழும் தேனீக்கள் இறங்கி வந்து உமே மலர்களுக்கு மகரந்தம் சேர்க்கின்றன. காடும் தோட்டமும் ஒன்றையொன்று தாங்கும் இவ்வேளாண்மை முறையை, ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனம் 2015ஆம் ஆண்டில் உலக முக்கியத்துவம் வாய்ந்த வேளாண் மரபுகளுள் ஒன்றாக ஏற்றுக்கொண்டது.

வெட்டினும் தளிர்க்கும் மரம்

இக்காட்டின் தலையாய மரம் ‘உபாமெகஷி’. ஓக் இனத்தைச் சேர்ந்த இது என்றும் பசுமை மாறாதது. வக்கயாமாவின் மாகாண மரமும் இதுவே. உப்புக் காற்றையும் பாறை நிலத்தையும் பொறுத்து மெல்ல மெல்ல வளர்கிறது. மெல்ல வளர்வதால் அதன் மரம் மிக நெருக்கமாகவும் கடினமாகவும் அமைகிறது. நெருக்கமான மரமே நெடுநேரம் எரியும் கரியைத் தரும்.

இங்கு நம் மனத்தைக் கவர்ந்தது வெட்டும் முறையாகும். உபாமெகஷியை வெட்டினால் அதன் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகள் கிளம்பும். அவற்றுள் பருத்தவற்றை மட்டும் வெட்டி, மெல்லியவற்றை வளர விட்டுவிடுவதே இவ்வூர்ப் பழைய வழக்கம். ஏறத்தாழ 15 முதல் 20 ஆண்டுகளில் அதே கட்டையில் மீண்டும் வெட்டலாம். தந்தை வெட்டிய மரத்தை மைந்தனும் வெட்டுகிறான்; மரமோ சாவதில்லை.

ஆனால் இடைக்காலத்தில் இவ்வழக்கம் தளர்ந்தது. இயந்திர வாள் வந்தபின், தேர்ந்து வெட்டும் பொறுமை குறைந்து, ஒரு சரிவு முழுவதையும் ஒரே முறையில் வெட்டி வீழ்த்தும் வேலை பெருகிற்று. அவ்வாறு வெட்டிய இடங்களில் உபாமெகஷி முன்போல் விரைந்து எழவில்லை. வேறு மரங்கள் இடம்பிடித்தன. காடு மெலிந்தால் கரியும் இல்லை, தோட்டத்துக்கு நீரும் இல்லை என்பதை உணர்ந்தோர் பழைய முறையை மீண்டும் கற்பித்து வருகின்றனர். முதியோர் பலர் இத்தொழிலை விட்டு ஓய்கின்ற வேளையில், நகர வாழ்வை விட்டு வந்த இளைஞர் சிலர் அதனைக் கற்பது நம்பிக்கை ஊட்டும் செய்தியாகும்.

சூளையின் முன்னே

மலைப்பாதையின் ஓரத்தில், தகரக் கூரையின் கீழ், கல்லாலும் களிமண்ணாலும் கட்டிய சூளை ஒன்றைக் கண்டோம். கோணலான கிளைகளை அப்படியே அடுக்கினால் இடம் வீணாகும். ஆகையால் வளைந்த இடத்தில் வெட்டுவாய் இட்டு, மர ஆப்பைச் செருகிக் கிளையை நிமிர்த்துகின்றனர். நிமிர்த்தியவற்றைச் சூளையினுள் நெருக்கமாக நிறுத்தி வைக்கின்றனர். வாயிலில் வேறு விறகை எரித்துப் பல நாள் ஈரம் போக்குகின்றனர். உள்ளே மரம் தானாகக் கரியத் தொடங்கியதும், வாயிலை அடைத்துச் சிறு துளைகளை மாத்திரம் விட்டுவைக்கின்றனர்.

அதன்பின் அவர்களுக்கு வழிகாட்டி புகையே. தொடக்கத்தில் அது ஈரம் கலந்து வெண்மையாக எழுகிறது. புளித்த மணம் வீசுகிறது. நாள் செல்லச் செல்ல நீலம் பாய்ந்து, இறுதியில் கண்ணுக்குப் புலப்படாத அளவுக்குத் தெளிகிறது. உள்ளே நிகழ்வதை எவ்வாறு அறிகிறீர்கள் என்று சூளைக்காரப் பெரியவரை வினவினோம். அவர் சிரித்துக்கொண்டு தமது மூக்கைத் தொட்டுக் காட்டினார்.

முடிவான கட்டமே மிக அருமையானது. அடைத்த வாயிலைச் சிறிது சிறிதாகத் திறந்து காற்றை உள்ளே விடுகின்றனர். மரத்தில் எஞ்சிய ஆவிகளும் பட்டையும் எரிந்தொழிய, வெப்பம் 1,000 பாகை செல்சியசுக்கும் மேல் ஏறுகிறது. அப்போது நீண்ட இரும்புக் கொக்கியால் செந்தணலாகவே கரியை வெளியே இழுத்து, சாம்பலும் மண்ணும் கலந்த ஈரத்தூளால் மூடி அணைக்கின்றனர். அத்தூள் படிந்து மேற்பரப்பு வெளுத்துத் தோன்றுவதால் இதற்கு வெண்கரி என்று பெயர். காற்றுப் புகாமல் சூளையிலேயே அடைத்து ஆறவிடும் கரி கருங்கரி எனப்படும்.

ஆறிய துண்டுகள் இரண்டை எடுத்து ஒன்றோடொன்று தட்டினோம். ‘கிண்’ என்று மணி ஒலித்தது! மரம் உலோகமாயிற்றோ என்று வியக்கும்படி இருந்தது. கையில் கரி ஒட்டவில்லை; முறிந்த முகம் பளபளத்தது. இதன் நிறையில் 90 சதவீதத்துக்கு மேல் காபன் என்பர். இக்கரித் துண்டுகளைக் கோத்து இசைக்கருவியும் செய்திருக்கின்றனர்.

இதன் பெயர் ‘பிஞ்சோத்தான்’. கென்ரொக்கு ஆண்டுகளில், அதாவது 1688க்கும் 1704க்கும் இடையில், தானாபேயில் பிஞ்சூயா சோசாயெமொன் என்ற வணிகர் இதனை விற்றுப் புகழ் பெற்றார். அவர் பெயரே சுருங்கிக் கரியின் பெயராயிற்று.

தணலின் குணம்

அன்று மாலை சிற்றுண்டிச் சாலை ஒன்றில், குச்சியில் கோத்த கோழியிறைச்சியை இக்கரியில் வாட்டக் கண்டோம். சுவாலை எழவில்லை, கொழுப்புச் சொட்டிய இடத்தில் மட்டும் சிறிது புகை கிளம்பிற்று. ஆவியாகும் பொருள்கள் சூளையிலேயே எரிந்துவிட்டமையால் கரி புகைவதில்லை. வெப்பம் கதிராகப் பாய்ந்து இறைச்சியின் மேற்புறத்தை விரைவில் சிவக்க வைக்கிறது. உட்புறமோ சாறு வற்றாது வேகிறது. சமையற்காரர் விசிறியை அசைத்தால் தணல் சீறி எழுகிறது, நிறுத்தினால் அடங்குகிறது. விலாங்கு மீன் வாட்டுவோரும் இக்கரியை விரும்புவது இதனாலேயே.

குறைகளையும் கூறவேண்டும். இது எளிதில் தீப்பற்றாது. அவசரப்பட்டுப் பெருந்தீயில் இட்டால் வெடித்துச் சிதறவுங்கூடும். மெல்லச் சூடேற்றி, அரை மணித்தியாலத்துக்கு மேலும் காத்திருக்க வேண்டும். விலையும் அதிகம். ஆகையால் மிஞ்சிய தணலை மூடியுள்ள சாடியில் இட்டு அணைத்து, மறுமுறையும் எரிக்கின்றனர்.

எக்கரி எதற்கு?

யப்பானியர் எல்லாவற்றுக்கும் வெண்கரியையே நாடுவதில்லை. தேநீர்ச் சடங்குக்கு, வெட்டுமுகம் செவ்வந்திப்பூப் போல் விரிந்து தோன்றும் கருங்கரியை எடுக்கின்றனர். அது விரைவில் பற்றி அமைதியாக எரியும். சிக்கனம் வேண்டும் உணவுச்சாலைகள், மரத்தூளை இறுக அழுத்திச் சுட்ட ‘ஓகாத்தான்’ கரியை வாங்குகின்றன. முன்னர் சீனத்திலிருந்தும் வெண்கரி பெருவாரியாக வந்தது. காடழிவை எண்ணி அந்நாடு 2004ஆம் ஆண்டில் மரக்கரி ஏற்றுமதியைத் தடைசெய்தது. பிறர் காட்டை எரித்து நம் அடுப்பைக் காத்தல் நெடுநாள் நிலையாது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

இனி நமது தேர்வு யாது? சுவைக்கும் தணலின் ஒழுங்குக்கும் கிஷூ வெண்கரிக்கு நிகராக நாம் வேறொன்றைக் கண்டதில்லை. ஆயினும் அதனைக் கடல் கடந்து வருவித்து நம் பின்வளவில் எரிக்குமாறு வாசகர்க்குக் கூறமாட்டோம். கிஷூ மக்கள் தம் மலையில் விளைந்ததை, மலை கெடாதவாறு எடுத்தனர்; நாம் கற்கவேண்டியது அதுவே. நம் நாட்டில் தேங்காயை உடைத்தபின் எஞ்சும் சிரட்டையிலிருந்து நல்ல கரி கிடைக்கிறது. அதற்காக ஒரு மரமும் வீழ்வதில்லை. நீரைத் தூய்மையாக்கும் வடிகளுக்கு அதனையே பதப்படுத்தி ஏற்றுமதியும் செய்கின்றோம். துண்டு மெல்லியதாகையால் வெண்கரி போல் நெடுநேரம் நில்லாது. எனினும் ஒரு குடும்பத்தின் மாலை உணவுக்கு அதன் வெம்மை போதும். பின்வளவுக்கு நாம் விரும்பித் தேர்வது சிரட்டைக்கரியே.

எக்கரியை வாங்கினும் சிலவற்றை நோக்குக. தட்டினால் மந்தமாக ஒலிப்பதும், முறித்தால் உள்ளே கபில நிறம் தெரிவதும் அரைகுறையாகச் சுட்ட கரி. அது புகைந்து உணவைக் கெடுக்கும். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைத்தல் ஆகாது. அதன் நாற்றம் உணவில் ஏறும், ஆபத்தும் உண்டு. தணலின் மேல் வெண்ணீறு படர்ந்த பின்னரே உணவை வைத்தல் நன்று. எல்லாவற்றிலும் முக்கியமானது ஒன்று: புகை இல்லை என்பதற்காகக் கரியடுப்பை ஒருபோதும் மூடிய அறைக்குள் எரிக்கலாகாது. நிறமும் மணமும் அற்ற காபனோரொட்சைட்டு என்னும் நச்சுவாயு எக்கரியிலிருந்தும் எழும். உறங்குவோர் உயிரையும் அது பறித்துவிடும்.

மரத்தின் வகை, சுடுபவரின் பொறுமை, வெட்டிய பின்னும் நிற்கும் காடு ஆகிய மூன்றும் சேர்ந்தே நல்ல கரி பிறக்கிறது. அடுத்த முறை கடையில் பையைத் தூக்குமுன் விலையோடு இம்மூன்றையும் கேட்போமாக.