வீட்டிற்கு ஒரு ஃபெரட் வேண்டுமா?



கடந்த பள்ளி விடுமுறையின்போது குடும்பத்தோடு ஒரு பேரங்காடிக்குச் சென்றிருந்தோம். அங்கிருந்த வளர்ப்புப் பிராணிகள் கடையில், நீண்டு மெலிந்த உடலும் முகமூடி அணிந்தாற்போன்ற முகமும் கொண்ட ஒரு சிறு விலங்கு துணித்தொட்டிலில் உறங்கிக்கொண்டிருந்தது. நான்காம் ஆண்டு பயிலும் என் மகள் அவ்விடத்தை விட்டு நகரவே இல்லை.

"அப்பா, இது கீரிப்பிள்ளையா?" என்றாள்.

"இல்லையம்மா, ஃபெரட்" என்றேன், கண்ணாடியில் ஒட்டியிருந்த பெயரைப் படித்துவிட்டு. அன்றிரவே, "நாமும் ஒன்று வளர்க்கலாமா, அப்பா?" என்ற விண்ணப்பம் வந்துவிட்டது.

பெற்றோர்களே, இத்தகைய விண்ணப்பம் உங்கள் வீட்டிற்கும் வந்திருக்கும். பூனையோ, மீனோ, ஆமையோ, பெயர்தான் மாறும். நான் உடனே மறுக்கவும் இல்லை, இசையவும் இல்லை. எங்கள் வீட்டின் பின்புறம் வெறுமையாய்க் கிடக்கும் ஒரு கூண்டுதான் அதற்குக் காரணம்.

ஈராண்டுகளுக்கு முன்பு, மகள் கேட்டாள் என்பதற்காக அரைமணி நேரத்தில் முடிவெடுத்து ஒரு முயலை வாங்கினேன். ஒரு சனிக்கிழமை, பள்ளியில் போட்டி விளையாட்டு. காலையில் கூண்டை நிழலில் வைத்துவிட்டுச் சென்றோம். நண்பகலில் நிழல் நகர்ந்துவிடும் என்பதை நான் எண்ணவில்லை. மாலையில் திரும்பியபோது எல்லாம் முடிந்திருந்தது. நிழலின் இடமாற்றத்தை அறிவியல் பாடத்தில் கற்பிக்கும் ஆசிரியன் நான். மகளிடம், "ஏதோ நோய் வந்துவிட்டது" என்று சொல்லிவிட்டேன்.

ஆகவே இம்முறை மகளின் கையில் ஒரு குறிப்பேட்டைக் கொடுத்தேன். "முதலில் அதைப்பற்றி அறிந்துகொள்வோம். பிறகு மூவரும் பேசி முடிவெடுப்போம்" என்றேன். நூல்களிலும் இணையத்திலும் தேடி அவள் எழுதினாள். ஆங்கிலத்தில் இருந்தவற்றை நான் விளக்கினேன்.

ஃபெரட் கீரியின் உறவன்று. அது நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பாவின் போல்கேட் என்னும் காட்டு விலங்கின் வழிவந்தது. வளைக்குள் பதுங்கும் முயல்களை வெளியே விரட்டுவதற்காக ஈராயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக மனிதர் அதனை வளர்த்து வருகின்றனர். அதன் ஆங்கிலப் பெயரின் வேர் 'சிறு திருடன்' எனப் பொருள்படும் இலத்தீன் சொல். கண்ணில் பட்ட சிறு பொருள்களையெல்லாம் இழுத்துச் சென்று ஒளித்து வைப்பது அதன் இயல்பு. இதைப் படித்து மகள் கைகொட்டிச் சிரித்தாள்.

அடுத்தடுத்த பக்கங்களில் சிரிப்புக் குறைந்தது. அது முழுமையான ஊனுண்ணி. சோறும் பழமும் அதற்கு உணவாகா. ஆயுள் ஏறத்தாழ 6 முதல் 8 ஆண்டுகள். நாய்களைத் தாக்கும் டிஸ்டம்பர் நோய் தொற்றினால் பெரும்பாலும் பிழைக்காது. ஆகவே தடுப்பூசி இன்றியமையாதது. மனிதரின் சளிக்காய்ச்சலும் அதற்குத் தொற்றும். 1933ஆம் ஆண்டில் இலண்டன் ஆய்வாளர்கள் மனித இன்ஃபுளுவென்சா நோய்க்கிருமியை முதன்முதலாகப் பிரித்தறிந்தது ஃபெரட்டுகளின் துணையால்தான். வகுப்பறையிலிருந்து இருமலையும் தும்மலையும் சுமந்து வரும் ஆசிரியர் இருவர் வாழும் வீடு எங்களுடையது!

சட்டத்தையும் பார்த்தோம். அண்டை நாடான சிங்கப்பூரில் ஃபெரட் வளர்க்க அனுமதியில்லை. நியூசிலாந்தில், முயல்களைக் கட்டுப்படுத்த 19ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்து விடப்பட்ட ஃபெரட்டுகள் அந்நாட்டின் பறவைகளையே வேட்டையாடின. 2002 முதல் அங்கு அவற்றை விற்பதற்கும் இனப்பெருக்கம் செய்வதற்கும் தடை. நம் நாட்டிலோ 2015ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், விலங்கின் தேவைகளை நிறைவு செய்யும் கடமையை உரிமையாளர்மீது சுமத்துகிறது.

ஒரு மாலை, மகள் குறிப்பேட்டோடு என்னருகில் வந்து நின்றாள். "அப்பா, வெயில் 27 பாகையைத் தாண்டினாலே இதற்கு ஆபத்தாம். நம் ஊரில் மத்தியானம் 32, 33 இருக்குமே?" என்றாள். சற்று நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "நம் முயலும் வெயிலால்தான் செத்ததா?" என்று கேட்டாள்.

கையிலிருந்த சிவப்புப் பேனாவைக் கீழே வைத்தேன். "ஆமாம்மா. அப்பா செய்த தவறு. உன்னிடம் மறைத்துவிட்டேன்" என்றேன். அவள் அழவில்லை. குறிப்பேட்டை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டாள். அன்றிரவு உணவின்போதும் என்னிடம் பேசவில்லை.

கீரிப்பிள்ளைக் கதையை நாம் எல்லாரும் வகுப்பில் சொல்லியிருக்கிறோம். பாம்பைக் கொன்று குழந்தையைக் காத்த கீரியை, அதன் வாயிலிருந்த இரத்தத்தைக் கண்டு அவசரப்பட்டுக் கொன்றாள் தாய். 'பதறாதே' என்று மாணவருக்கு அறிவுரை கூறி முடிப்போம். பதறிச் செய்துவிட்ட பின்பு உண்மையை ஒப்புக்கொள்வது எப்படி என்பதை நாம் கற்பிப்பதில்லை. எனக்கே அது தெரிந்திருக்கவில்லை.

மறுநாள் அவளே ஒரு யோசனையோடு வந்தாள். வெறுங்கூண்டைக் கழுவி வீட்டிற்குள் வைப்பது, உள்ளே ஃபெரட் இருப்பதாக எண்ணி ஒரு மாதம் கடமையாற்றுவது. அந்த விலங்கு நாளொன்றுக்கு 14 முதல் 18 மணி நேரம் உறங்கும். விழித்திருக்கும் வேளையில் கூண்டைவிட்டு வெளியே வந்து ஓடியாட வேண்டும். குறும்புக்கார விலங்காதலால் அருகில் ஒருவர் இருந்தாக வேண்டும். ஆகவே அந்திப்பொழுதில் இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும் என்று கணக்கிட்டாள். காலையில் மகள், மாலையில் அப்பா, இரவில் அம்மா எனக் கட்டம் போட்டாள். கடமையைச் செய்தவருக்கு ஒரு சரிக்குறி.

முதல் வாரம் விளையாட்டாகவே கழிந்தது. பிறகு பள்ளி திறந்தது. புறப்பாட நடவடிக்கைகள், ஆசிரியர் கூட்டம், திருத்த வேண்டிய பயிற்சிப் புத்தகங்கள் எல்லாம் வந்து சேர்ந்தன. மாத இறுதியில் அட்டவணையைப் பார்த்தேன். மகளின் கட்டங்கள் ஏறக்குறைய நிறைந்திருந்தன. மனைவியின் கட்டங்களில் பாதி. என்னுடையவற்றில் 9 மட்டுமே. மாணவர் ஒருவர் இவ்வாறு வீட்டுப்பாடம் செய்திருந்தால், பெற்றோரை அழைத்திருப்பேன்.

மூவரும் அமர்ந்து பேசினோம். பகல் முழுதும் ஆளில்லாத வீட்டில் குளிரூட்டி ஓட வேண்டும். நாங்கள் தொலைபேசியில் விசாரித்த இரு விலங்கு மருத்துவமனைகளும், நாய் பூனைக்கு மட்டுமே மருத்துவம் செய்வதாகக் கூறிவிட்டன. எல்லாவற்றையும்விட அந்த வெற்றுக் கட்டங்கள். "இப்போது வேண்டாம், அப்பா. அது பாவம்" என்று மகளே சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. எனக்கும் வருத்தமாகத்தான் இருந்தது.

ஆசிரியர்களே, பெற்றோர்களே! பிள்ளை ஒரு விலங்கைக் கேட்கும்போது, 'இவன் பார்த்துக்கொள்வானா?' என்றே நாம் வினவுகிறோம். பொறுப்பைக் கற்பிக்கும் கருவியாக அந்த உயிரை எண்ணிவிடுகிறோம். அது தவறிப்போனால், பாடத்திற்கு விலை கொடுப்பது அந்த வாயில்லா உயிர். முதலில் கேட்க வேண்டியது, 'நாம் பார்த்துக்கொள்வோமா?' என்பதே. ஒரு மாதம் வெறுங்கூண்டை வைத்துப் பாருங்கள். செலவில்லை. விடை தானாகவே கிடைத்துவிடும்.

எங்கள் கூண்டு இன்னும் வீட்டிற்குள்தான் இருக்கிறது. மாலை நேரக் கட்டங்களையும் மகள் அழிக்கவில்லை. இப்போது அந்நேரத்தில் நானும் அவளும் தாமானைச் சுற்றி நடக்கிறோம். நேற்றும் நடக்கும்போது கேட்டாள்:

"அப்பா, நீங்கள் பணி ஓய்வு பெற இன்னும் எத்தனை ஆண்டுகள் இருக்கின்றன?"