நிமிர்ந்து கூட்ட ஒரு கம்பு

எங்கள் அம்மா 28 வருடம் பேரூராட்சியில் தெருக் கூட்டினார். அலுவலகத்தில் ஈர்க்குக் கட்டு மட்டும் கொடுப்பார்கள். கம்பு கிடையாது. சொந்தக் காசில் மூங்கில் வாங்கி, பழைய சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டிக்கொண்டால் உண்டு. வாங்கும் சம்பளத்தில் அது எப்போதாவதுதான் நடக்கும். மற்ற நாளெல்லாம் குனிந்தேதான் கூட்டுவார். நடுவில் ஒரு நிமிடம் நிமிர்ந்து இடுப்பில் கை வைத்தால் போதும், தெருமுனையிலிருந்து மேஸ்திரி குரல் கொடுப்பார்: "என்ன, வேடிக்கை பாக்குறியா?" அம்மாவைவிட இருபது வயது இளையவர் அவர்.

பிள்ளைகள் மூன்று பேரும் அம்மாவின் இடுப்புக்குத் தைலம் தேய்த்தே வளர்ந்தோம். வலி தாங்காத ஒரு நாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "இனிமே குனிஞ்சு வேலை செய்யாதீங்கம்மா" என்று சொல்லி மாத்திரை எழுதிக் கொடுத்தார் டாக்டர். அந்தச் சீட்டை யாரிடம் காட்டுவது என்று எங்களுக்குத் தெரியவில்லை.

சங்க வேலைக்கு வந்த பிறகுதான் இதற்கென்று ஒரு படிப்பே இருப்பது தெரிந்தது. எர்கோனாமிக்ஸ், தமிழில் பணிச்சூழலியல். வேலையையும் கருவியையும் மனித உடம்புக்கு ஏற்றபடி அமைக்கும் துறை. அது சொல்லும் கணக்கு எளிது. குனியும்போது தலை, தோள், கைகள், நெஞ்சு என்று உடம்பின் பாதிக்கும் மேற்பட்ட எடையை இடுப்புத் தசைகள்தான் இழுத்துப் பிடிக்கின்றன. முதுகெலும்பின் வட்டுகள் நசுங்குகின்றன. தோள் உயரத்துக்கு ஒரு கம்பு இருந்தால் இதில் பெரும்பகுதி தவிர்ந்துவிடும். இந்த அறிவு எங்கள் பேரூராட்சி அலுவலகத்துக்குள்ளேயே இருந்தது. அங்கே இருந்த சுழல் நாற்காலிகளை அவரவர் உயரத்துக்கு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். அந்த அறிவு வாசற்படி தாண்டி விளக்குமாறு வரை வரவில்லை, அவ்வளவுதான்.

ஏன் வரவில்லை என்பதைப் புரிந்துகொள்ள அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு எங்களுக்கு உதவியது. கலிபோர்னியாப் பண்ணைகளில் பெரும்பாலும் மெக்சிகோ வம்சாவளித் தொழிலாளர்கள் குட்டைக் கைப்பிடி வைத்த களைக்கொட்டால் நாள் முழுக்கக் குனிந்து வேலை செய்தார்கள். நீளக் கைப்பிடி வைத்தால் பயிர் கெட்டுவிடும் என்றார்கள் முதலாளிகள். யார் நிமிர்கிறார் என்பதை வரப்பில் நின்றே கண்டுபிடிக்கத்தான் இந்தக் குட்டைக் கைப்பிடி என்றார்கள் தொழிலாளர்கள். கருவியில் பழுது எதுவும் இல்லையே என்று கைவிரித்தது அரசுத் துறை. பயன்படுத்தும் விதத்தால் உடம்பைக் கெடுக்கிற கருவியும் பாதுகாப்பற்ற கருவிதான் என்று 1975 ஜனவரியில் மாநில உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஆண்டே அந்தக் களைக்கொட்டு தடை செய்யப்பட்டது.

இதைப் படித்ததும் எங்களுக்கு நினைவு வந்தது மேஸ்திரியின் குரல். நிமிர்ந்தவரைக் கண்டுபிடிக்கும் கண் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். இங்கே அதற்குச் சாதியின் பழக்கமும் சேர்ந்துகொள்கிறது. எங்கள் தாத்தாக்கள் ஊர்த்தெருவில் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு குனிந்து நடந்தவர்கள். குனிந்த முதுகை மரியாதை என்று பார்த்துப் பழகிய ஊருக்கு, குனிந்து கூட்டும் முதுகில் வலி இருப்பது எப்படித் தெரியும்? கம்பு கேட்டுப் போனபோது ஓர் அதிகாரி சொன்னார்: "பரம்பரையா செய்யிறவங்கதானே, பழகியிருக்குமே." உடம்புக்கு ஏற்றபடி வேலையை மாற்று என்கிறது அறிவியல். இந்த வேலைக்கென்றே பிறந்த உடம்பு என்கிறது சாதி.

மனு மேல் மனுவாகக் கொடுத்து, ஒருவழியாகக் கம்பு வந்தது. எல்லாம் ஒரே நீளம். குள்ளமானவருக்கு மிகை, உயரமானவருக்குக் குறை. கையுறையும் அப்படித்தான் வந்தது. ஆண்கள் அளவு. பெண்கள் போட்டால் பிடி வழுக்குகிறது. கழற்றி வைத்தால், "கொடுத்தாலும் போடமாட்டாங்க" என்று பழி எங்கள் மீதே விழுகிறது. துப்புரவுப் பணியாளர் என்ற பெயரைத் தூய்மைப் பணியாளர் என்று மாற்றினார்கள். அந்தப் பெயருக்குரிய கையின் அளவை யாரும் கேட்கவில்லை.

நல்ல கருவியைக் கொடுத்து இந்த வேலையை எங்கள் தலையிலேயே கட்டி வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் பிள்ளைகள் இதை விட்டு வெளியே வர வேண்டும். அந்தப் போராட்டம் தனியாக நடக்கிறது. ஆனால் நாளைக் காலையிலும் ஒரு பெண் விளக்குமாற்றோடு தெருவில் இறங்கத்தான் போகிறார். அவருடைய இடுப்பு விடுதலை வரும்வரை காத்திருக்காது.

2021இல் தமிழ்நாடு அரசு சட்டம் திருத்தி, கடை ஊழியர்களுக்கு உட்கார இருக்கை தர வேண்டும் என்றது. நல்ல சட்டம், வரவேற்கிறோம். தெருவில் வேலை செய்கிறவருக்கு நிமிரும் உரிமையும் அதேபோல எழுத்தில் வர வேண்டும். கருவி வாங்கும் முன் அதைப் பிடிக்கப்போகிறவரைக் கேளுங்கள். சட்டை தைக்க அளவெடுப்பதுபோல ஒவ்வொருவருக்கும் தோள் உயரம் அளந்து கம்பு கொடுங்கள். இடையில் நிமிர்ந்து நிற்கும் நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிடுங்கள்.

அம்மா ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகிறது. சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிமிர்கிறார். முழுதாக நிமிர்வதற்குள் எங்களில் யாராவது ஒருவர் பக்கத்தில் போய் நின்றுகொள்கிறோம்.