கீழே ஏந்திய கைகள்

பிரிஸ்டல்
16.10.2016

அன்புள்ள அக்காவுக்கு,

"ஆராதனை நடந்த கோவிலுக்குள்ள சர்க்கஸா? அங்கயா என் சின்னவளைப் படிக்க அனுப்பச் சொல்ற?" என்று போனில் கேட்டாய். எனக்குப் பதில் வரவில்லை. நேற்று நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன்.

போர்ட்லேண்ட் சதுக்கத்திலுள்ள செயிண்ட் பால் கோவில் அது. 1794-ல் பிரதிஷ்டையானது. சபை குறைந்துகொண்டே வந்து, 1988-ல் பூட்டிவிட்டார்கள். அப்புறம் பல வருஷம் பாழாய்க் கிடந்தது. பழைய கோவில்களைக் காக்கும் அறக்கட்டளை ஒன்று எடுத்துப் பழுதுபார்த்தது. 2005-ல் சர்க்கோமீடியா என்ற சர்க்கஸ் பள்ளி குடிவந்தது. யாரும் ஜெபத்தை நிறுத்திவிட்டுச் சர்க்கஸ் தொடங்கவில்லை அக்கா. பூட்டிக் கிடந்த கதவைத்தான் திறந்திருக்கிறார்கள்.

வர்ணக் கண்ணாடி ஜன்னல்கள் இன்னும் இருக்கின்றன. 1807-ல் மொண்டெவிடியோ போரில் செத்த ராணுவ அதிகாரியின் நினைவுக்கல்லைக்கூடச் சுவரை விட்டு அசைக்கவில்லை. பெஞ்சுகள் இருந்த இடம் இப்போது வெறும் தளம். அந்தரத்தில் ஆடும் ஊஞ்சலுக்கு எவ்வளவு உயரம் வேண்டும், யோசித்துப் பார். சாதாரணக் கட்டடத்தில் அது கிடைக்காது. கோவிலில் கிடைக்கிறது.

இங்கிலாந்தில் சர்க்கஸ் கலை வயதில் இந்தக் கோவிலுக்கு மூத்தது. அதற்கு வித்திட்ட பிலிப் ஆஸ்ட்லி லண்டனில் குதிரை வித்தை காட்டத் தொடங்கியது 1768-ல். அதன்பின் நெடுங்காலம் சர்க்கஸ் குடும்பங்களில் பிறந்த பிள்ளைகள்தான் பெரும்பாலும் இதைக் கற்றார்கள். இன்று யார் வேண்டுமானாலும் சேர்ந்து முறையாகப் படிக்கலாம், பட்டமும் வாங்கலாம்.

அங்கே நான் பார்த்த பெண்ணுக்கு நம் சின்னவள் வயதிருக்கும். உள்ளங்கையில் வெள்ளைப் பொடி தேய்த்துக்கொண்டு, தொங்கும் துணியில் ஏறினாள். இரண்டு ஆள் உயரத்தில் காலில் துணியைச் சுற்றி, தலைகீழாய்ச் சரிந்தாள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அவள் இறங்கிவந்ததும் ஆசிரியை ஏதோ சொல்ல, மறுபடி ஏறினாள். ஆறு தடவை. அந்த ஆறு தடவையும் ஆசிரியை இரண்டு கையையும் ஏந்தியபடி கீழேயே நின்றார். கண் அவள்மேலிருந்து எடுபடவேயில்லை.

அதைப் பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்தது. ஆராதனை முடிந்து எல்லாரும் வாசலில் பேசிக்கொண்டிருக்க, சின்னவள் கோவில் மதில்மேல் ஏறி நடப்பாளே, ஆறு வயதில். நீ திட்டுவாய், ஆனால் இறக்கிவிட மாட்டாய். கையை ஏந்திக்கொண்டு கூடவே நடப்பாய்.

அவளிடம் கோபிக்காமல் பேசு, அக்கா. மச்சானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
உன் தம்பி