இசைக்கவை சொன்ன செய்தி

இடது காது கேட்கவில்லை என்பதை எனக்கு முதலில் உணர்த்தியது கைபேசிதான். தங்கையுடன் பேசிக்கொண்டிருந்தபோது திடீரென அவள் குரல் நின்றுபோயிற்று. இணைப்பு அறுந்துவிட்டதோ என்றெண்ணி வலது காதுக்கு மாற்றினேன். அவள் இடையறாது பேசிக்கொண்டிருந்தாள். இடக்காதினுள் பஞ்சு திணித்தாற்போல் ஓர் அடைப்பு. கூடவே ஓயாத ரீங்காரம்.

“குறும்பியாத்தான் இருக்கும். ரெண்டு சொட்டு எண்ணெய் விடுப்பா” என்றாள் அம்மா. பூண்டு தட்டிப்போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயை அவளே விட்டாள். வலியில்லை, சீழில்லை, காய்ச்சலில்லை. ஆகவே அவசரமுமில்லை என்று நான் முடிவு கட்டினேன். ஆறு நாட்கள் கழிந்தன.

ஏழாம் நாள், மருத்துவர் காதினுள் விளக்கொளி பாய்ச்சிப் பார்த்தார். குறும்பி இல்லை, செவிப்பறை தெளிவாக இருந்தது. பிறகு 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றைத் தட்டி, அதன் காம்பை என் நெற்றியின் நடுவில் வைத்தார். “எந்தப் பக்கம் கேட்கிறது?” என்றார். “வலப்பக்கம்” என்றேன். அவர் முகம் மாறியதைக் கண்டேன்.

இதன் பொருளை நீங்களே சோதித்து அறியலாம். ஒரு காதை விரலால் அடைத்துக்கொண்டு, வாய் மூடி முனகிப் பாருங்கள். அடைத்த காதில்தான் ஒலி உரக்கக் கேட்கும். குறும்பியோ, சளி பிடித்தபின் நடுச்செவியில் தேங்கும் நீரோ காரணமாயின், இசைக்கவையின் ஒலியும் பழுதுற்ற பக்கமே செல்லும். நல்ல காதுக்குச் சென்றால், பழுது உட்செவியிலோ நரம்பிலோ இருக்கிறது. 1834-இல் வேபர் என்ற ஜெர்மானியர் விவரித்த இந்த எளிய உண்மையின் பெயரால்தான் இச்சோதனை இன்றும் வழங்குகிறது.

எனக்கு வந்தது திடீர்ச் செவிட்டுத்தன்மை. மூன்று நாட்களுக்குள், அடுத்தடுத்த மூன்று அலைவரிசைகளில் 30 டெசிபெல்லோ அதற்கு மேலோ கேட்கும் திறன் குறைவதை அப்படி அழைக்கிறார்கள். பெரும்பாலோர்க்குக் காரணம் புலப்படுவதில்லை. ஸ்டீராய்டு மருந்தை முதல் இரண்டு வாரங்களுக்குள், இயன்றவரை விரைவாகத் தொடங்க வேண்டும்.

‘அடைப்பு’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் எத்தனை நோய்கள் ஒளிந்திருக்கின்றன என்று அன்றுதான் அறிந்தேன். குளித்தெழுந்ததும் அடைத்தால், நீரில் ஊறிய குறும்பியாக இருக்கலாம். காதுமடலை இழுத்தால் வலி உயிர்போகிறதெனில், புறச்செவிக் குழாயில் புண். கூப்பிட்டால் திரும்பாமல், தொலைக்காட்சியின் ஒலியைக் கூட்டும் குழந்தை பிடிவாதக்காரனல்லன். அவனது நடுச்செவியில் நீர் தேங்கியிருக்கலாம். வலியின்றி மாதக்கணக்கில் சீழ் வடிந்தால் செவிப்பறையில் துளை இருக்கக்கூடும். அங்கே எண்ணெய் விடவே கூடாது. “கேட்குது, ஆனா என்ன சொல்றேன்னு புரியல” என்னும் முதியவரிடம் மெல்ல மெல்லக் கரைந்துகொண்டிருப்பவை உயர்சுருதி ஒலிகள்.

மாத்திரைகளுக்குப் பின் தாழ்ந்த ஒலிகள் ஓரளவு திரும்பின. உயர்ந்தவை திரும்பவில்லை. சில்வண்டுகள் இப்போது எனக்கு வலப்புறத்தில் மட்டுமே பாடுகின்றன. முதல் நாளே மருந்து தொடங்கியவர்களிலும் சிலருக்குக் குணமாவதில்லை என்று மருத்துவர் சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாலும் அது உண்மையே. ஆயினும் அந்த ஆறு நாட்களை என்னால் மறக்க இயலவில்லை.

நண்பர்களே, ஒரு காது திடீரெனக் கேட்காமற்போனால், வலியில்லையே என்று காத்திராதீர்கள். அன்றே சென்று காட்டுங்கள்.

அந்த எண்ணெயைப் பற்றி அம்மா பிறகு ஒரு சொல்லும் பேசியதில்லை. தவறு உன்னுடையதன்று, தாமதித்தவன் நானே என்று பலமுறை சொல்லிவிட்டேன். இப்போதெல்லாம் சாப்பிட அமரும்போது, எதுவும் சொல்லாமல் என் வலப்பக்கம் வந்து அமர்ந்துகொள்கிறாள்.