கோட்டைவாசல் கற்கள்

உரோம் நகருக்குக் கூட்டமாகப் போகிறவர்களை கொன்ஸ்தந்தைன் வளைவின் முன் நிறுத்தி வழிகாட்டிகள் ஒரு செய்தியைச் சொல்வது வழக்கம்: கி.பி. 315இல் எழுந்த அந்த வளைவின் சிற்பங்கள் பலவும் திராயான், அத்ரியான், மார்க்கஸ் அவுரேலியஸ் காலத்துக் கட்டடங்களிலிருந்து பெயர்த்தெடுத்தவை. பக்கத்தில் நிற்கும் கொலோசியமோ, 1349 நிலநடுக்கத்தில் சரிந்த பிறகு நூற்றாண்டுக் கணக்கில் நகரத்தாருக்குக் கல் வெட்டும் குழியாக இருந்தது. அங்கே கல் போன வழியும் வரலாறாகச் சொல்லப்படுகிறது. திருகோணமலைக்கு வரும் யாத்திரை பஸ்களோ கோட்டைவாசலைக் கடந்து, மான்களைப் பார்த்து, உச்சியில் கோணேசரைக் கும்பிட்டு, இராவணன் வெட்டை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகின்றன. பழைய கோணேச்சரத்தின் மிச்சத்தைத் தேட வேண்டிய முதல் இடம் அந்த வாசல்தான் என்கிறேன்.

ஏழாம் நூற்றாண்டில் சம்பந்தர் பதிகம் பெற்ற கோயிலை 1620களின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் இடித்தார்கள். தளபதி கொன்ஸ்தந்தீனு த சா காலத்தில் அதே குன்றில் கோட்டை எழுந்தது. கோயிலின் கருங்கல் கையெட்டும் தூரத்தில் கிடக்கையில் வேறெங்கோ போய்ப் பாறை உடைப்பானேன்? இது வெறும் ஊகமன்று. வாசல் நிலைக்கல்லில் தமிழ் எழுத்துகளும் பாண்டியரின் இரட்டைக் கயலும் இருக்கின்றன. கோட்டைக்குள் கிடைத்த இன்னொரு கதவு நிலையில், சக ஆண்டு 1145இல், அதாவது 1223இல், சோடகங்கன் என்பவன் கோகர்ணம் எனப்பட்ட இந்த ஊருக்கு வந்ததை வடமொழியில் கிரந்த எழுத்தால் பொறித்திருக்கிறார்கள். இரண்டும் வாசலுக்கென்றே செதுக்கப்பட்ட கற்கள். பின்னால் வந்த ஒல்லாந்தர் கோட்டையைத் திருத்திக் கட்டினார்கள்; 1803இல் ஆங்கிலேயர் யோர்க் கோமகன் பிரடெரிக்கின் பெயரை அதற்குச் சூட்டினார்கள். கோயிலின் மற்றப் பாகங்கள் வேறு வழிகளில் சிதறின. 1950இல் கிணறு வெட்டும்போது வெண்கலத் திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் மலையடிக் கடலில் மூழ்கி, செதுக்கிய கற்களைக் கண்டார்கள். மண்ணும் கடலும் ஒளித்துவைத்தவற்றைக் கொண்டாடுகிற நாம், கண்ணெதிரே நிமிர்ந்து நிற்பதைக் கவனிக்காமல் போவது விந்தைதான்.

ஓரிரு எழுத்துக் கற்களை வைத்து மதில் முழுவதையும் கோயில் என்று சொல்லலாமா என்று கேட்பது நியாயமே. முழுவதையும் சொல்லத் தேவையில்லை. மூன்று ஆட்சிகள் மாற்றிக் கட்டிய மதில் அது. ஆனால் எழுத்து இல்லை என்பதற்காக ஒரு கல் கோயிலைச் சேர்ந்தது அல்ல என்றும் ஆகாது. கோயிற்சுவரிலும் பெரும்பாலானவை வெறுங்கற்களே. 1963இல் குடமுழுக்குக் கண்டு கோயில் உச்சியில் உயிரோடிருக்கையில் கீழே இடிபாட்டைத் தேடுவானேன் என்பார் சிலர். வழிபாடு தொடர்வதால் இடிப்பு நடக்காததாகிவிடாது. அந்த இடிப்புக்குக் கண்கண்ட சாட்சி கோட்டைவாசலே.

எனக்குக் கனமாகப் படும் மறுப்பு வேறு. தொல்பொருளைக் காட்டிக் காணிக்கு உரிமை கோரும் இந்த மாவட்டத்தில் பழங்கல்லைப் பேசுவது எரிகிற தீயில் எண்ணெய் வார்ப்பதாகாதா? கல்லில் உள்ளதை அரைகுறையாகச் சொன்னால் ஆகும். வாசலின் கயல் பாண்டியனுடையது, கதவு நிலையின் மொழி வடமொழி, கோட்டையின் பெயர் ஆங்கிலக் கோமகனுடையது. ஒற்றை உரிமைக்கு இந்தச் சாட்சிகள் எளிதில் வளைந்துகொடுக்க மாட்டா. கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்குப் போகிற பஸ்கள் வெல்கம் விகாரைக்கும் போனால் இது இன்னும் தெளிவாகும். இராசராசப் பெரும்பள்ளி என்று சோழர் காலத்தில் பெயர் பெற்ற அந்தப் பௌத்தப் பள்ளிக்கு விளக்கெரிக்கக் கொடுத்த கொடைகள் அங்கே தமிழில்தான் வெட்டப்பட்டிருக்கின்றன.