பலகைத் தளமும் ஏரிக்கரை ஈரமும்

சென்னையிலிருந்து சூளூர்ப்பேட்டை செல்லும் ரயிலில், கும்மிடிப்பூண்டியையும் எளாவூரையும் கடந்ததும் வருவது ஆரம்பாக்கம். தமிழகத்தின் வட எல்லையாகிய இவ்வூரில் தமிழும் தெலுங்கும் ஒரே திண்ணையில் அமர்ந்து உரையாடும். கிழக்கே பரந்து கிடப்பது பழவேற்காடு ஏரி. ஒடிசாவின் சிலிகாவிற்கு அடுத்தபடி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி இதுவே. கார்த்திகை மழை சற்றே ஓய்ந்த ஒரு நாளில் நாம் இங்குச் சென்றது ஏரியைக் காண அன்று. ஒரு வீட்டின் தரையைக் காண.

அத்தரையின் கதை கடல் கடந்தது. 1964-இல் பர்மாவில் கடைகள் அரசுடைமை ஆக்கப்பட்டபின், தமிழர் பலர் கப்பலேறித் தாயகம் திரும்பினர். அவர்களுள் ஒருவர் இங்குக் குடியேறி, இரங்கூன் வீட்டின் நினைவாக ஓர் அறைக்கு மட்டும் தேக்குப் பலகையால் தளம் இட்டார். ஒரு முழ உயரச் செங்கல் தூண்கள், அவற்றின்மேல் சட்டங்கள், சட்டங்களின்மேல் பலகைகள். அடியில் காற்று உலவ, எதிரெதிர்ச் சுவர்களில் நான்கு துளைகள்.

இன்றோ அவ்வறையில் கால் வைத்தால் பலகை அமுங்குகிறது; பூஞ்சை நாற்றம் மூக்கைத் துளைக்கிறது. அவருடைய மகள், முதிய தாயார், நம்மிடம் சொன்னார்:

“எல்லாத்தையும் பேத்துட்டு சிமெண்ட் போட்டுடலாம்னு பசங்க சொல்றாங்க ஐயா. அப்பா கையால போட்ட பலகை. எனக்குத்தான் மனசு வரல.”

நம்முடன் வந்திருந்த தச்சர் ஒரு பலகையைப் பெயர்த்தார். அடிமண் நனைந்திருந்தது, சுவரில் செருகிய சட்டங்களின் முனைகளில் உளி வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கிற்று. காரணமும் விளங்கிற்று. பாம்புக்கு அஞ்சிப் பிள்ளைகள் துளைகளை அடைத்திருந்தனர். மேலே பிளாஸ்டிக் விரிப்பும் இட்டிருந்தனர். கீழிருந்து எழும் ஈரத்திற்குப் போக்கிடமே இல்லை! மரத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கிற்குமேல் ஈரம் தங்கினால், உளுக்கச் செய்யும் பூஞ்சைக்கு அது விருந்தாகும். ஏரிக்கரைச் சுவரில் ஊறிய உப்போ, மழையில்லா நாளிலும் காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும்.

பழுதுபார்த்த முறையை வரிசையாகக் கூறுவோம். முதலில், வீட்டைச் சுற்றி வாய்க்கால் வெட்டி மழைநீரை அகற்றினர். துளைகளைத் திறந்து, பாம்பும் எலியும் நுழையாதபடி நெருக்கமான கம்பிவலை பொருத்தினர். அடியிலிருந்த குப்பையை நீக்கி, மண்ணின்மேல் தடித்த பாலித்தீன் தாளை ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியுமாறு விரித்து, மணல் பரப்பினர். பலகையின்மேல் கேடு செய்த அதே பிளாஸ்டிக், மண்ணின்மேல் காவலாயிற்று! உளுத்த முனைகளை அறுத்து, புதுக்கட்டை சேர்த்துத் திருகாணியால் இறுக்கினர். கட்டை சுவரைத் தொடும் இடத்தில் தார்த்தாள் வைத்தனர். நல்ல பலகைகளை நிழலில் உலர்த்தி, அடிப்பக்கத்தில் வெங்காரக் கரைசல் பூசினர். சுவரின் அடிப்பகுதியில் சிமெண்ட் பூச்சை உரித்துவிட்டு, ஈரத்தை வெளியே மூச்சுவிடச் செய்யும் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பூசினர். கிளிஞ்சல் இந்த ஏரி தந்த செல்வமன்றோ!

இங்கிலாந்து போன்ற குளிர்நாடுகளில், பலகைக்கு அடியில் சட்டங்களுக்கிடையே கம்பளிப் பஞ்சு வைத்துக் குளிரைத் தடுப்பார்கள். அங்கும் காற்றுத் துளையை அடைக்கலாகாது என்பதே முதல் விதி. நமக்குக் குளிரன்று, ஈரமே பகை. ஆகவே பலகையின்மேல் கோரைப்பாய் ஒன்றே போதும்.

“தண்ணி ஏறி வந்து தேங்கினா இந்தத் தாள் காப்பாத்தாதும்மா. வருஷா வருஷம் வாய்க்காலைத் தூர் எடுக்கணும்” என்று தச்சர் எச்சரிக்கவும் தவறவில்லை.

பங்குனியில் மீண்டும் சென்றோம். பலகை அமுங்கவில்லை, நாற்றமும் இல்லை. தாயார் கோரைப்பாயில் அமர்ந்து பேரனுக்குச் சோறூட்டிக் கொண்டிருந்தார். துளைகளை அடைத்த மூத்த மகனே, வலையில் சேர்ந்த சருகைத் துடைப்பத்தால் தட்டிக் கொண்டிருந்தார்.

அன்பர்களே, உங்கள் பழைய வீட்டிலும் ஈரம் கண்டால், பூசி மறைக்குமுன் ஒரு பலகையை, ஒரு கல்லைப் பெயர்த்துப் பாருங்கள். மூடியதால் வந்த கேடு திறந்தால்தான் தீரும்.